மூன்று மாதத்தின் சாட்சியம்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே கதவைத் திறந்துவிடும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் வாசலில், தண்ணீர் தவிர வேறொன்றும் பருகாமல், மடித்த மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் உட்கார்ந்திருப்போரிடம் சற்றுப் பேச்சுக் கொடுத்தால், அவர்களில் பலர் முந்தின மூன்று நான்கு நாட்களாக ஒரு விசேஷ விரதத்தை அனுஷ்டித்து வந்தவர்கள் என்பது தெரியவரும். காப்பியில் சர்க்கரை நின்றுபோயிருக்கும். இரவுச் சோறு இரண்டு சப்பாத்தியாகச் சுருங்கியிருக்கும். மாதக்கணக்கில் கால் படாத பூங்காவின் நடைபாதை திடீரென்று ஞாபகத்துக்கு வந்திருக்கும். சர்க்கரை வியாதிக்காக வைத்தியரை மறுபடி பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டிய ஆயத்தம் இதுவே என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். ஆனால் வைத்தியர் அறிய விரும்புவது, அந்த மூன்று நாள் எப்படிக் கழிந்தது என்பதையன்று. அதற்கு முன் கழிந்த தொண்ணூறு நாட்களின் வரலாற்றையே. அந்த வரலாற்றை மறைத்து ஓர் அழகான எண்ணைச் சம்பாதித்துக் கொண்டு போகிறவர், தம்முடைய வியாதிக்கு வேண்டிய மருந்தைத் தாமே தடுத்துக்கொள்கிறார்.

இதில் குற்றம் முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. எண் கூடியிருந்தால் பள்ளிப் பிள்ளையை அதட்டுவது போல் நரைத்த தலையினரையும் அதட்டும் வைத்தியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதட்டுகிற இடத்தில் உண்மை பேசத் துணிகிறவர் அபூர்வம்.

இவ்வளவுக்கும், இந்த வியாதியின் சிகிச்சையில் சென்னை புதிய ஊரன்று. பேராசிரியர் எம். விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது 1948இல்; அவரே ராயபுரத்தில் இந்த ஒரு வியாதிக்கென்று ஒரு மருத்துவமனையை நிறுவியது 1954இல். இன்றோ, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பின்படி, தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அந்த வரிசையில் சேர்ந்தவர்கள். ஆகவே இந்தச் சந்திப்புக்கு எப்படி ஆயத்தமாவது என்பது ஏதோ சிலருடைய சொந்த விஷயமாக இல்லாமல், வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

முதலில், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளில் தலையாயதான ஏ1சி என்பது என்னவென்று பார்ப்போம். நம் ரத்தத்தின் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின்மேல், ரத்தத்தில் கலந்து ஓடும் சர்க்கரை, எந்த நொதியின் தூண்டுதலும் இல்லாமல், தானாகவே மெல்ல மெல்லப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பிறகு விலகுவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த ஆயுட்காலம் முழுவதும் அது எவ்வளவு சர்க்கரைக்கு நடுவே நீந்தியதோ அவ்வளவுக்குத் தக்கபடி அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஏறியிருக்கும். பல நாள் வெயிலில் அலைந்தவன் மூன்று நாள் நிழலில் உட்கார்ந்துவிட்டதனால் கறுத்த மேனி வெளுத்துவிடாதது போலவே, கடைசி நேரத்துப் பத்தியத்தால் இந்தக் கணக்கு மாறிவிடாது. டெஹ்ரானில் சாமுவேல் ராபார் என்ற ஆராய்ச்சியாளர், நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை 1968இல் எடுத்துக் காட்டினார். சிகிச்சை சரியாக நடக்கிறதா என்பதை அளக்க இதையே கருவியாகக் கொள்ளலாம் என்பதை 1976இல் அமெரிக்காவில் அந்தோனி செராமியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஏ1சி 7 சதவீதம் என்றால் ரத்தச் சர்க்கரையின் சராசரி சுமார் 154 மில்லிகிராம். 8 என்றால் 183. 9 என்றால் 212. விரதமிருந்து பெற்ற வெறும் வயிற்று எண் 110 என்று சிரித்துக்கொண்டிருக்க, அதே தாளில் அடுத்த வரியில் 9 என்று நிற்கும் ஏ1சி, நடந்ததைச் சொல்லிவிடும்.

இருந்தபோதிலும் இந்தச் சாட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. முதலாவதாக, இது தொண்ணூறு நாளையும் சமமாகப் பாவிப்பதில்லை. இதன் மதிப்பில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்தைச் சேர்ந்தது. இரண்டாவதாக, இது சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கும் கணக்காகையால், அந்த ஆயுள் மாறினால் கணக்கும் பிறழும். இரும்புச் சத்துக் குறைவினால் உண்டாகும் ரத்தசோகையில் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், அண்மையில் மிகுதியாக ரத்தம் இழந்தவருக்கும், கர்ப்பிணிகளுக்கும் குறைவாகக் காட்டக் கூடும். தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதை நினைத்தால், இது அலட்சியம் செய்யக்கூடிய விதிவிலக்கன்று என்பது விளங்கும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மூல வியாதி, போன மாதம் செய்த ரத்த தானம் — இவற்றைச் சர்க்கரை வைத்தியரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கருதி வாயை மூடிக்கொள்கிறவர்களால், வைத்தியர் தவறான எண்ணுக்குச் சரியான மருந்து எழுத நேர்கிறது. எண் பேசாததைப் பேச வேண்டியவர் நோயாளியே.

இனி, பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் காலைப் பொழுது. வெறும் வயிறு என்றால் எட்டு முதல் பத்து மணி நேரம். அதற்காக முந்தின மாலை ஆறு மணியிலிருந்தே பட்டினி கிடப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. 'சாப்பிட்ட பிறகு' என்ற இரண்டாவது பரிசோதனையில்தான் குழப்பங்கள் மிகுதி. இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்திலிருந்து எண்ணப்பட வேண்டுமேயன்றி, கை கழுவிய நேரத்திலிருந்தன்று. தினமும் வீட்டில் நான்கு தோசையும் கெட்டிச் சட்னியும் சாப்பிடுகிறவர், அன்றைக்கு மட்டும் எதிர்த்த ஓட்டலில் இரண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கையை நீட்டினால், வரும் எண் அவருடைய வாழ்க்கையின் எந்த நாளையும் குறிக்காது. வெறும் வயிறு என்ற சொல்லை அளவுக்கு மீறிக் கௌரவித்து, உணவோடு சாப்பிட வேண்டிய மாத்திரையையும் அன்றைக்கு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்பொழுது பரிசோதிக்கப்படுவது மருந்தின் பலனன்று, மருந்தில்லாமையின் பலன். நேர்மாறாக, இன்சுலினையோ கிளிமிபிரைடு வகை மாத்திரையையோ விடியற்காலையில் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, உணவில்லாமல் வரிசையில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பது அபாயம். சர்க்கரை தாழ்ந்து அங்கேயே மயங்கி விழ நேரிடும். அந்த மருந்துகள் ரத்தம் கொடுத்த பிறகு, உணவோடு சேர வேண்டியவை. பையில் ஒரு டப்பாச் சிற்றுண்டி இருப்பது விவேகம்.

ரத்தம் எடுக்கும் குழாயின் மூடியின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஏ1சிக்கு ஊதா நிற மூடி. சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி. உடம்பிலிருந்து வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடிருந்து, குழாய்க்குள் இருக்கும் சர்க்கரையையே ஆகாரமாகக் கொள்கின்றன. அறையின் சாதாரண உஷ்ணத்தில், மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை அது குறைந்துகொண்டே போகும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் சோடியம் புளோரைடு அந்த அணுக்களின் பட்சணத்தைத் தடுத்து நிறுத்துகிறது; அதுவும் உடனடியாக அன்று, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே பூரணமாக வேலை செய்கிறது. புறநகர்ச் சந்தில் ரத்தத்தை எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, நகரத்தின் மையத்திலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் இடங்களில் இது சிறிய விஷயமன்று. இயன்றவரை ஒரே கூடத்தில் பரிசோதித்துக்கொண்டு, பழைய முடிவுகளைத் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்திருக்கும்படி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் சிறு கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குரிய சர்வதேசத் தர விதிப்படியே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் அது 15 சதவீதம் வரை முன்பின்னாகக் காட்டுவது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 200 என்று வந்தது வீட்டில் 180 என்றோ 220 என்றோ காட்டினால் இரண்டில் ஒன்று பொய் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மாம்பழம் அறுத்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் மட்டும் கருவி மெய்யாகவே ஏமாறும். பழத்தோல் உரித்த விரலின் ரத்தம் எவ்வளவு பொய்யான உயரத்தைக் காட்டுகிறது என்பதையும், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைத்தாலும் அந்தப் பிழை நீங்காமல், குழாய் நீரில் கழுவினால்தான் நீங்குகிறது என்பதையும் 2011இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே காட்டினார்கள். சந்திப்புக்கு முந்தின வாரத்தில், விசேஷமும் விரதமும் இல்லாத இரண்டு மூன்று சாதாரண நாட்களைத் தேர்ந்து, காலையில் எழுந்ததும், ஒவ்வொரு வேளை உணவுக்கும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, எதிரே என்ன சாப்பிட்டோம் என்பதையும் எழுதிக்கொண்டு போனால், மூன்று மாதமும் தினந்தோறும் காலையில் மாத்திரம் குத்திப் பார்த்த நீண்ட பட்டியலைவிட அது வைத்தியருக்கு அதிகம் சொல்லும். ஆடி மாதத்துக் கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை ஏற்றாது என்ற பிடிவாதமான நம்பிக்கையும் இப்படி எழுதிப் பார்த்தால் தானே தளரும்.

இந்தப் பிரதேசத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது முதல், இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பகலையும் இரவையும் சூரியனைவிட ஷிப்டுச் சங்கே நிர்ணயித்து வந்திருக்கிறது. இப்பொழுது அதே தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டிடங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் இளைஞர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். வைத்தியர் 1-0-1 என்று எழுதுகிறார். காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, இரவில் ஒன்று. இரவு முழுதும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு, காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, இட்லி சாப்பிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அந்த முதல் '1' எது, கடைசி '1' எது? நள்ளிரவுக்கு மேல் கேன்டீனில் சாப்பிட்ட சோற்றை மருந்துச் சீட்டு அறியவே அறியாது. அதோடு, ஒரே அளவு உணவைப் பகலில் உண்டால் ஏறும் சர்க்கரையைவிட இரவில் உண்டால் ஏறுவது அதிகம். சரீரத்தின் உள் கடிகாரம் இரவில் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஷிப்டு வாராவாரம் மாறுகிறவர் அந்த அட்டவணையையே ஒரு தாளில் எழுதி, எந்த வாரத்தில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், எத்தனை மணிக்குத் தூங்குகிறோம் என்று குறித்து வைத்தியரின் மேஜைமேல் வைப்பாரானால், சிகிச்சையே வேறு வடிவம் எடுக்கக் கூடும். என் அபிப்பிராயத்தில், அம்பத்தூர்க்காரர் ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய காகிதங்களில் ரத்தப் பரிசோதனை முடிவுக்கு அடுத்த ஸ்தானம் அந்த அட்டவணைக்குத்தான்.

மருந்துகளைப் பொறுத்தவரை, பெயரைச் சொல்லிப் பார்ப்பதைவிட மாத்திரைகளையே எடுத்துக்கொண்டு போவது உத்தமம். மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஐந்தைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ கத்தரிப்பட்ட மறுபாதியோடு போய்விடுகிறது. பிறகு 'அந்த வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்ற வர்ணனைதான் மிஞ்சும். வெள்ளை மாத்திரைகளோ கணக்கில்லாதவை. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்கிய மெட்பார்மினும், தனியார் வைத்தியர் வேறு பெயரில் எழுதிய கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் அதே மெட்பார்மினும் ஒருவர் வயிற்றுக்குள்ளேயே சந்தித்துக்கொள்வது அசாதாரணமன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உபகாரம்தான், ஆனால் வாசலில் மாத்திரை கிடைத்துவிட்டதனால் வைத்தியரைப் பார்க்க வேண்டிய தவணையும் தீர்ந்துவிட்டதாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

சொல்லக் கூச்சப்படும் மருந்துகள் வேறு இருக்கின்றன. சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம், பாகற்காய்ச் சாறு இவற்றைச் சொன்னால் ஆங்கில வைத்தியர் ஏளனம் செய்வார் என்ற பயம். செய்தாலும் பாதகமில்லை, சொல்லிவிட வேண்டும். இவற்றில் சில சர்க்கரையைக் குறைக்கும் சக்தியுள்ளவையாகையால், மாத்திரையோடு சேர்ந்து அளவுக்கு மீறித் தாழ்த்திவிடலாம். முழங்கால் வலிக்காக எங்கோ போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசியோ இதற்கு நேர் எதிர். சில நாட்களுக்குச் சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். அந்த ஒரு செய்தியை மறைத்ததனால், தேவையில்லாமல் இன்சுலின் அளவு கூடிவிட இடமுண்டு.

சர்க்கரை தாழ்ந்த சந்தர்ப்பங்களை யாரும் சொல்வதில்லை. ஏறியதைத்தான் வியாதி என்று நினைக்கிறோம். திடீர் வேர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, காரணமற்ற எரிச்சல், இரவில் கெட்ட கனவும் விடிந்ததும் தலைவலியும் — இவை வந்த நாளும் நேரமும், அதற்கு முன் எப்பொழுது சாப்பிட்டோம் என்பதும் குறிக்கப்பட்டால், ஒரு மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ அதுவே போதுமான ஆதாரம். பல ஆண்டு மெட்பார்மின் சாப்பிட்டவர், பாதத்தில் எரிச்சலும் குறுகுறுப்பும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சர்க்கரையினால் வந்த நரம்புக் கோளாறு மட்டுமன்றி, அந்த மருந்தினால் குறையக்கூடிய பி12 வைட்டமினும் அதற்குக் காரணமாகலாம்.

பாதத்தை வைத்தியர் பார்க்காமல் விட்டால், 'பாருங்கள் ஐயா' என்று நாமே செருப்பைக் கழற்றிக் காட்டிவிடலாம்; அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த ஒரு நைலான் இழையை உள்ளங்காலின் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதுதான் பரிசோதனை. செலவும் இல்லை, வலியும் இல்லை. இழை தொட்டது தெரியாத கால், பாதுகாப்புக்காக அணியும் இரும்பு முனைப் பூட்ஸுக்குள் விழுந்த உலோகத் துணுக்கையும் எட்டு மணி நேரம் உணராது. சித்திரை வெயிலில் திருவேற்காட்டுக் கோயிலைச் செருப்பில்லாமல் சுற்றி வந்து, வீட்டில் கொப்புளத்தைப் பிறர் காட்டித்தான் தெரிந்துகொள்ளும். இன்சுலின் போடுகிறவர் வயிற்றையும் காட்ட வேண்டும். வலிக்காத ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டிபோல் தடித்து, மருந்து ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மந்தமாகவும் ரத்தத்தில் சேரும். எண்கள் தாறுமாறாக ஓடுவதன் ரகசியம் சில வேளை அந்தத் தடிப்பில் இருக்கிறது.

சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், விழித்திரை: இம்மூன்றும் வருஷத்துக்கு ஒரு முறை. ஜுரமோ நீர்க்கடுப்போ உள்ள நாளில் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் தினத்தில் பார்வை சில மணி நேரம் மங்கிக் கூசுமாகையால், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுத் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு உள்ளே போனால் கிடைப்பது எவ்வளவு நேரம்? 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு வைத்தியர் ஒதுக்கும் நேரம் 20 நிமிஷத்துக்கு மேல் என்றும், இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். ஆகையால் மனத்தை மிகவும் உறுத்தும் சங்கதியைத் தாளின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, உட்கார்ந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும். எழுந்து கதவருகே போன பிறகு 'இன்னொன்று ஐயா' என்று தொடங்கும் பழக்கத்தால், நெஞ்சு வலியும் ஆண்மைக் குறைவும் தினந்தோறும் கதவடியிலேயே நின்றுவிடுகின்றன. மருந்தின் விலை கட்டுப்படியாகாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருந்தால் அதுவும் முதல் வரிக்குரிய சங்கதியே. அதே பலனுடைய மலிவான மருந்து அநேகமாக இருக்கும். சொல்லாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்து அவர் இன்னும் விலையுயர்ந்ததை எழுதுவார்.

அறையை விட்டு வருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, தமக்கென்று வைத்தியர் குறித்திருக்கும் ஏ1சி எல்லை எது என்பது. நாற்பது வயதுத் தொழிலாளிக்கு அது 7க்குக் கீழே இருக்கலாம். இருதய வியாதியும் அடிக்கடி சர்க்கரை தாழும் இயல்பும் கொண்ட எண்பது வயதுப் பாட்டிக்கு 8 வரை போனாலும் பாதகமில்லை என்று அதே வைத்தியர் சொல்லக் கூடும், பாட்டியின் எண்ணைப் பேரனின் எண்ணோடு ஒப்பிட்டு வீட்டில் கலவரம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த தவணையையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். மருந்து மாறியிருந்தால் மூன்று மாதம் கழித்து. எண் நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏ1சி போதும். புது மாத்திரை பலிக்கிறதா என்று பார்க்கும் ஆவலில் இரண்டாவது வாரமே ஏ1சி எடுக்க ஓடுகிறவரின் ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் பழைய சிவப்பணுக்களே. அவை பழைய கதையைத்தான் சொல்லும்.